பெப்ரவரியா, ஓகஸ்ட்டா? கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் பருவம் பார்த்துப் போவது எப்படி

கேள்வி: கடலோரம் (வெள்ளவத்தை)

வணக்கம் எல்லாருக்கும். எங்களுக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் மலைநாட்டுக்குப் போகத் தோதுப்படும். ஒன்று பெப்ரவரியில் போயாவோடு ஒட்டி வரும் வார இறுதி, மற்றது ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறை. கிரகரி வாவியில் படகு ஓடி, ஸ்ட்ரோபெரி வாங்கிக்கொண்டு திரும்புகிற பயணம் வேண்டாம். மரை, மந்தி, குருவிகள், பருவத்தோடு காடு மாறுகிற விதம், இவற்றை ஆறுதலாகப் பார்க்க வேண்டும்.

ஆட்கள் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு வயது 9, 12. கூடவே 68 வயது மாமா. முழங்கால் வலி இருப்பதால் மாமா அரை மணித்தியாலத்துக்கு மேல் நடக்கமாட்டார்.

இரண்டு மாதத்துக்கும் ஒரே இடம் சரிவருமா? ஹோட்டன் சமவெளியில் ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்றும் தெரியாது என்கிறார்களே, அது ஏன்? மாமாவை எங்கே வைத்து எதைக் காட்டலாம்? பைனாகுலர் வாங்குவதென்றால் எந்த அளவு? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1: பட்டிப்பொலப் பனி

முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு இடத்தைத் தீர்மானியுங்கள். நம் மலைநாட்டில் பருவம் என்பது காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதுதான். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது கொண்டுவரும் ஈரம் முழுவதும் ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துச் சரிவில் கொட்டிவிடும். மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது அதே காற்று உலர்ந்து, சூடேறி, கச்சான் காற்றாக வீசும். டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று. அப்போது நனைவது ஊவாவும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவும். மேற்குச் சரிவு வெளித்திருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஓகஸ்ட்டில் பட்டிப்பொலையில் இருந்து ஒஹியவுக்கு ரயிலில் போங்கள். பட்டிப்பொல 1,890 மீற்றர் அளவில், நாட்டிலேயே உயரமான ஸ்டேசன். அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் தூறலும் மூடுபனியுமாக உள்ளே போகிற ரயில், அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருகிற நாட்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பருவக்காற்றை விளங்கப்படுத்த இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று கேட்டுவிட்டே ரயில் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

ஆகவே உங்கள் பெப்ரவரிக்கு நுவரெலியா, ஹக்கல, ஹோட்டன் சமவெளி. ஓகஸ்ட்டுக்கு ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம். ஓகஸ்ட்டில் சமவெளிக்குப் போகக் கூடாது என்றில்லை. ஆனால் அது இரண்டு சரிவுக்கும் நடுவில் உயர்ந்து நிற்கும் மேடு, அந்த மாதங்களில் அங்கே காற்று ஆளைத் தள்ளும். குருவி எல்லாம் புதருக்குள் பதுங்கிவிடும்.

பெப்ரவரியின் சிறப்பு துகள் உறைபனி. அதற்கு முகில் இல்லாத இரவு வேண்டும், காற்று அடியோடு ஓய்ந்திருக்க வேண்டும். முகில் இருந்தால் தரையின் சூடு மேலே போகாமல் தங்கும். காற்று இருந்தால் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் கலந்துவிடும். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம், தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு ஓடித் தேங்கும். ஆகவே மேட்டில் தேடாதீர்கள். அம்பேவல புல்வெளிகளிலும் சமவெளியின் ஓடைத் தாழ்வுகளிலும் விடியப்புறம் ஆறு மணிக்கும் ஏழே காலுக்கும் இடையில் பாருங்கள். ஒவ்வொரு புல் நுனியிலும் உப்பைத் தூவியது போல இருக்கும். வெயில் பட்ட இடம் சில நிமிடத்தில் ஈரமாகிவிடும், மரத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் அந்த நிழலின் வடிவத்திலேயே வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நிற்கும். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் இல்லையென்றால் விடிய எழும்பலாம்.

ஒக்டோபர், நவம்பர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அந்த மாதங்களில் பிள்ளைகளோடு போகவேண்டாம். தீவு முழுவதும் மழை, மண் ஊறிப்போயிருக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் அறிவித்தல் தருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். நீங்கள் போகும் பாதையில் உள்ள பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர் அதில் இருக்கிறதா என்று எந்த மாதத்திலும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பதில் 2: மரைக்கொம்பு

ஹோட்டன் சமவெளி பற்றி நான் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக் கதை உண்மைதான். சமவெளியின் விளிம்பில் உள்ள உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறையில் கிட்டத்தட்ட 870 மீற்றர் பள்ளம். கீழே பலாங்கொடைப் பக்கம் வெயில் ஏற ஏற, அங்குள்ள சூடான ஈரக்காற்று அந்தப் பாறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஏறும்போது குளிரும், விளிம்புக்கு வரும்போது முகிலாகியிருக்கும். மேலே மழைக்கான அறிகுறியே இல்லாத நாளிலும் இது நடக்கும். எட்டு மணிக்கு முன்னர் விளிம்பில் நிற்பதுதான் கணக்கு.

அதை நேரத்தோடு வைத்துப் பாருங்கள். நுவரெலியாவில் இருந்து 32 கிலோமீற்றர் அளவு. இருட்டும் வளைவும் பனியும் சேர்ந்தால் ஒன்றரை மணித்தியாலம். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும், நீண்ட வார இறுதியில் ஐந்துக்கே வான்கள் வரிசையில் நிற்கும். ஆகவே நுவரெலியாவில் இருந்து நான்கு மணிக்கு வெளிக்கிட வேண்டும். பட்டிப்பொல, அம்பேவலப் பக்கத்தில் அறை கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலத் தூக்கம் மிச்சம். அடையாள அட்டை கொண்டுபோங்கள்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போகாது, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூடக் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிஸ்கட்டை வீட்டிலேயே டப்பாவுக்கு மாற்றி, சாப்பாட்டை வாழை இலையில் கட்டிக்கொண்டு போனால் அந்த இடத்தில் பத்து நிமிடம் மிச்சம், பின்னால் நிற்கிறவர்களுக்கும் உதவி.

சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி என்ற ஒழுங்கில் போங்கள். நீர்வீழ்ச்சியை முதலில் வைத்தால் விளிம்புக்குப் போகும்போது முகில் வந்துவிடும். நீர்வீழ்ச்சிக்கு மூடுபனி ஒரு குறையும் இல்லை. வேகமாக நடந்தால் மூன்று மணித்தியாலம். பிள்ளைகளோடு நின்று நின்று பார்த்தால் ஐந்து. பாதை களிமண்ணும் உருளைக் கல்லும். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறக்கத்தில்தான் வழுக்கும். அடியில் பிடிப்புத் தேய்ந்த சப்பாத்து வேண்டாம். விளிம்பில் 9 வயதுப் பிள்ளையின் கையை விடவே வேண்டாம்.

பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே சுலபமாகக் காயும் ரீ சேட், நடுவில் கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் மழைக் கோட், இந்த மூன்றும் போதும். குடை அங்கே காற்றில் புரண்டுவிடும். உயரம் 2,100 மீற்றருக்கு மேல் என்பதால் கொழும்பைவிட 13, 14 பாகை குறைவாக இருக்கும். அதே உயரத்தில் வெயிலும் கடுமை. குளிர்கிறதே என்று தொப்பி போடாமல் நடக்கிறவர்களுக்குத்தான் காதும் மூக்கும் தோல் உரியும்.

மரைக் கூட்டம், நடைபாதை தொடங்கும் ஃபார் இன் (Farr Inn) கட்டடத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் காலையிலும் பின்னேரமும் நிற்கும். மாமா வானில் இருந்தபடியே பார்க்கலாம். அவற்றுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். தயவுசெய்து பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆட்கள் கொடுத்துப் பழக்கியதால் சில மரைகள் வான் கதவுக்கே வந்து நிற்கின்றன. மரை அசைபோடும் மிருகம். உப்பு வாசனைக்காக விழுங்குகிற பொலித்தீன் முதல் இரைப்பையிலேயே சிக்கிக்கொள்ளும், கீழே இறங்காது. வயிறு நிறைந்த உணர்வோடு அந்த மிருகம் பட்டினியில் சாகும். வாசலில் அவ்வளவு கடுமையாகப் பையைச் சோதிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்று, கொம்பு ஓணான். இலங்கைக்கே உரியது. ஆணுக்கு மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு. பாசி பிடித்த அடிமரத்தில், ஓர் ஆள் உயரத்துக்குள், தலையை மேலே வைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டம் குறைவு, குளிர்ந்த காலையில் இன்னும் மெதுவு. வெயில் வந்து ஒரு மணித்தியாலம் கழித்து, மரத்தின் வெயில் படும் பக்கத்தை ஒன்றொன்றாகப் பாருங்கள். முழு ஓணானைத் தேடினால் கண்ணுக்குப் படாது, பாசியின் நிறம்தான் அதற்கும். அந்தக் கொம்பு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் இது இருக்கிறது. அங்கே சீமெந்துப் பாதை உள்ளதால் மாமாவும் மெதுவாக வரலாம். கையில் பிடிக்கவேண்டாம், நம் கைச்சூடு அதற்கு ஒத்துவராது.

பதில் 3: ஆறுமணிக்குருவி

குருவிகளுக்குப் பெப்ரவரிதான். வடக்கில் இருந்து வருகிறவை செப்டெம்பரில் வரத் தொடங்கி, ஏப்ரல் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் போய்விடும். ஓகஸ்ட்டில் அவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

மாமாவுக்கு ஏற்ற இடம் நுவரெலியா விக்டோரியா பார்க். விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி 1897இல் அந்தப் பெயர் பெற்ற பூங்கா, டவுன் நடுவிலேயே இருக்கிறது. பூந்தோட்டப் பகுதியை விட்டுவிட்டு ஓடை ஓடும் ஓரத்துக்குப் போங்கள். தண்ணீர் அவ்வளவு சுத்தமில்லை, ஆனால் சேறும் அழுகிய இலையும் இருப்பதால்தான் புழு பூச்சி அதிகம், குருவிகள் அங்கேயே வருகின்றன. பின்னேரம் நான்கரைக்குப் பிறகு, ஓடையைப் பார்த்த மாதிரி ஒரு வாங்கில் மாமாவை இருத்துங்கள். அசையாமல் இருபது நிமிடம். நடந்து தேடுகிறவர்களைவிட இருந்து பார்க்கிறவருக்கே அங்கே அதிகம் கிடைக்கும்.

எதைப் பார்க்கலாம்? தரையில் இலையைப் புரட்டிக்கொண்டு கறுப்பு வெள்ளைப் பூங்குருவி. நிழலில் வாலைத் துடித்துக்கொண்டு நீல ரொபின். தாழ்ந்த கிளையில் காஷ்மீர் ஈப்பிடிப்பான், ஆணுக்குத் தொண்டையில் செம்மஞ்சள் நிறமும் அதைச் சுற்றிக் கறுப்புக் கரையும். காஷ்மீர்ப் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நம் மலைநாட்டுக்கும் வருகிற குருவி அது, உலக அளவில் அருகிவருகிற இனம். பிறகு ஆறுமணிக்குருவி. விடியவும் பொழுதுபடவும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். பச்சை முதுகு, குட்டை வால், வயிற்றின் அடியில் சிவப்பு. ஆளைக் கண்டால் பறப்பதற்குப் பதில் தத்தித் தத்தி உள்ளே போய்விடும். பெயரைப் பார்த்து ஆறு மணிவரை காத்திருக்காதீர்கள், ஐந்தரைக்கே ஓடைப் பக்கம் இருட்டத் தொடங்கிவிடும்.

இலங்கைக்கே உரியவற்றில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, மலை வெள்ளைக்கண்ணி, மங்கல் நீல ஈப்பிடிப்பான் மூன்றும் ஹக்கலவில் கிடைக்கும். ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகையும் அங்கேதான், மற்ற மந்திகளைவிட மயிர் அடர்ந்து கரடிக்குட்டி மாதிரி இருக்கும். இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவிக்குப் பட்டிப்பொலையில் இருந்து சமவெளிக்கு ஏறும் வீதியில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது, அரெங்கா குளம் என்று கேட்டால் வான் சாரதிகளுக்கே தெரியும். வெளிச்சம் வரும் அந்தக் கால் மணித்தியாலம்தான் அதன் நேரம். உலக முடிவும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே காலையில் சேர்க்க முடியாது, ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

பைனாகுலர்: பெரியவர்களுக்கு 8x42. 10x வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பெரிதாக்க ஆக்கக் கைநடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். முன்கண்ணாடியின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8x42க்கு 5.25 மில்லிமீற்றர், கடைகளில் விற்கும் 10x25க்கு 2.5தான். மூடுபனியிலும் காட்டு நிழலிலும் அந்த 2.5 போதாது, குருவி கறுப்பு உருவமாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு 8x32, பாரம் குறைவு. வாங்கும்போது இரண்டு குழாயையும் நெருக்கி, 9 வயதுப் பிள்ளையின் கண் இடைவெளிக்கு வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். வராவிட்டால் இரண்டு வட்டமாகத் தெரியும், பிள்ளை ஐந்து நிமிடத்தில் வெறுத்துவிடும்.

கடலோரம் (வெள்ளவத்தை)

மிக்க நன்றி. பைனாகுலர் பற்றி இன்னொரு கேள்வி. வீடு கடலுக்குக் கிட்ட. கமரா லென்ஸ் ஒன்றில் ஏற்கனவே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பைனாகுலருக்கும் வருமா? அத்தோடு ஓகஸ்ட்டுக்கு நக்கிள்ஸ் சரிவருமா?

பதில் 4: தும்பறை

ஓகஸ்ட்டில் ஹப்புத்தளை நல்லதுதான், ஆனால் நக்கிள்ஸை விட்டுவிட வேண்டாம். ரங்கல பக்கத்தால் ஏறினால் மழைதான். மாத்தளை, இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் தாண்டிப் பிட்டவல பத்தனைக்குப் போனால் அது காற்றுமறைவுப் பக்கம், மழை குறைவு. மண் மெல்லிய புல்வெளி, ஓரத்தில் காடு, அங்கங்கே இந்த மலைத்தொடரில் மட்டும் வாழும் இலைமூக்கு ஓணான்.

அட்டைக்கு: காற்சட்டைக் கால் முழுவதையும் காலுறைக்குள் செருகுங்கள். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை இருந்தால் இன்னும் நல்லது. சவர்க்காரத்தை ஈரமாக்கிக் காலுறைமேல் தடவினால் கொஞ்ச நேரம் நிற்கும், ஓடையில் இறங்கினால் கழுவுப்பட்டுப்போகும், திரும்பத் தடவ வேண்டும். கடித்துவிட்டால் நெருப்பு, உப்பு வேண்டாம். அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும், கிருமி அப்படித்தான் உள்ளே போகும். மெல்லிய முனைதான் வாய். அந்த முனைக்குப் பக்கத்தில் தோலோடு நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு மற்ற முனையை. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பதார்த்தத்தை விடுவதால் சிலவேளை மணித்தியாலக் கணக்கில் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவித் துணியால் அழுத்திக் கட்டினால் போதும். மாமா இரத்தம் இளகுவதற்கு மருந்து எடுப்பவர் என்றால் அவரைக் காட்டுக்குள் இறக்க வேண்டாம்.

பதில் 5: பட்டிப்பொலப் பனி

தும்பறை சொல்வதில் ஒன்றை மாற்றிச் சொல்ல வேண்டும். மழை குறைவு என்பது சரி. ஆனால் ரிவர்ஸ்டன் இடைவெளியில் யூலை, ஓகஸ்ட்டில் அடிக்கிற காற்றில் சின்னப் பிள்ளை நேராக நிற்காது, முழங்கால் வலி உள்ளவருக்கும் ஆபத்து. மேலே ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் பாதையை விட்டுவிடுங்கள்.

குடும்பத்தோடு என்றால் ஓகஸ்ட்டுக்கு நான் சொல்வது தங்கமலை. ஹப்புத்தளையில் அடிசம் பங்களாவுக்குப் பக்கத்தில் காடு தொடங்குகிறது, அங்கிருந்து மலைமுகட்டோடு இதல்கஸ்ஹின்ன ஸ்டேசன் வரை மூன்று கிலோமீற்றர் அளவு ஒற்றையடிப் பாதை. நீங்களும் பிள்ளைகளும் நடக்கலாம், மாமா வானில் அடுத்த பக்கம் வரலாம். பத்தனை என்கிற மலைப் புல்வெளியின் புல் அந்த மாதத்தில் காய்ந்து மண் நிறமாக இருக்கும். ஊவாவில் பத்தனை எரிவதும் அந்தக் காலத்தில்தான், பெரும்பாலும் மனிதர் வைக்கும் தீ. எரிந்த வாசனை வந்தால் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கவனித்து, அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுங்கள், காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு ஆள் ஓட முடியாது.

காடு மாறுகிற விதம் கேட்டீர்கள். இலை முழுவதும் ஒரே தடவையில் உதிர்வது இங்கே இல்லை, தளிர்தான் பருவத்தைச் சொல்லும். கீன மரங்கள் தளிர்க்கும்போது காட்டின் மேற்பரப்பில் செம்பு நிறத் திட்டுகள் விழும். இன்னும் பெரிய கணக்கு நெலு என்ற செடி. குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பன்னிரண்டு வருட அளவில் ஒரு தடவை கூட்டமாகப் பூத்து, விதைத்து, கூட்டமாகவே சாகும். ஹோட்டன் சமவெளியில் 2013இல் அப்படிப் பூத்தது. பூவுக்குத் தேனீயும் விதைக்குக் காட்டுக்கோழியும் வரும். பிறகு காய்ந்த தண்டுகள் நின்றபடியே இருக்க, அவற்றின் காலடியில் புது நாற்று பாய் விரித்த மாதிரி முளைக்கும். அந்த நாற்றை மிதிக்கக் கூடாது என்பதற்காகவாவது பாதையை விட்டு இறங்காதீர்கள். மரத்தில் தொங்கும் பாசி மூடுபனியில் இருந்து தண்ணீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. களனி கங்கைக்கும் அதில் பங்குண்டு, அம்பத்தலையில் எடுத்து நம் வெள்ளவத்தைக் குழாய்க்கு வருவது அந்தக் களனித் தண்ணீர்தான்.

பதில் 6: ஆறுமணிக்குருவி

பூஞ்சணம் பைனாகுலருக்கும் வரும். உள்ளே வாயு நிரப்பி அடைத்த நீர்புகா வகை என்றால் உட்புறம் தப்பும், வெளிக் கண்ணாடி தப்பாது. மூடி இறுகும் பிளாஸ்ரிக் டப்பா ஒன்று, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றவேண்டும். நிறம் மாறிய ஜெல்லைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி அவன் (oven) அடுப்பில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். தோல் உறையோடு டப்பாவுக்குள் வைக்காதீர்கள், பூஞ்சணம் முதலில் பிடிப்பது உறையில்தான். பூஞ்சணம் பிடித்த லென்ஸைப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம்.

மலையில் இருந்து வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொழும்புக் காற்றுப் பட்டால் வியர்க்கும். மூடியபடி இரண்டு மணித்தியாலம் விட்டு, பிறகு துடைத்து டப்பாவுக்குள்.

கண்ணுக்குச் சரிசெய்யும் முறை: வலது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தால் தூரத்துப் பெயர்ப்பலகையை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். காலிமுகத்திடலில் பழகாதீர்கள், கடலில் பார்க்க அசைகிற சின்னப் பொருள் இல்லை. தியசரு பூங்காவிலோ தலங்கமவிலோ இரண்டு காலை பிள்ளைகளைப் பழக்கிவிட்டுப் போங்கள்.

கடலோரம் (வெள்ளவத்தை)

அப்படியென்றால் பெப்ரவரிக்கு: வெள்ளி இரவு நுவரெலியா, சனி விக்டோரியா பார்க், ஞாயிறு விடிய சமவெளி, பின்னேரம் கொழும்பு. சரியா?

பதில் 7: மரைக்கொம்பு

ஒழுங்கை மாற்றுங்கள். ஞாயிறு விடிய நான்கு மணிக்கு எழும்பிய சாரதி அன்று பின்னேரமே றம்பொடை இறக்கம் வழியாகக் கொழும்புக்கு ஐந்து ஆறு மணித்தியாலம் ஓடுவது கூடாது. சனி விடிய சமவெளி, பகல் தூக்கம், சனி பின்னேரம் விக்டோரியா பார்க், ஞாயிறு காலை ஹக்கல, பத்து மணிக்கு வெளிக்கிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னர் கொழும்பை விட்டால் சனிக்கு நித்திரை போதும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லுங்கள், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிக்காது. நானுஓயா பக்கத்து றதெல்ல குறுக்கு வீதியால் வானை இறக்கவே வேண்டாம்.